தொட்டில் நாடா

ஜன்னல மூடாத தாயி. காத்துக்கு அழுகல அது. பசிக்கும் அழுகல. பால் குடுத்து எம்புட்டு நேரமாச்சு? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல குடுத்தியா, அப்ப அரை மணி நேரந்தான் ஆகுது, பசி இல்ல. காதைத் தேய்க்குது பாரு. தூக்கத்துக்குத்தான் இந்தச் சிணுங்கலு. பொம்பளப் பிள்ளைதான? ம். கொஞ்சம் அழ விடு. உடனே உடனே தூக்கித் தோள்ல போடாத. அழ விட்டாத்தான் என்ன வேணும்னு நமக்குத் தெரியும்.

எத்தனை மாசம்? நாலா? நல்ல கனம். ஆறு கிலோ இருப்பா. என்னத்த சிரிக்கிற, நான் கண்ணால பாத்தே சொல்லிருவேன். நீ போயி தராசுல வச்சுப் பாரு, நூறு கிராம் முன்னப் பின்ன இருக்கும், அம்புட்டுத்தான். பத்தொம்பது வருசமா பால்வாடியில ஆயாவா இருக்கேன். போர்டுல அங்கன்வாடின்னு எழுதியிருக்கும், எங்க ராஜபாளையத்துல இன்னும் பால்வாடிதான். டீச்சர் நோட்டு எழுதுவாக. பிள்ளைகளப் பாக்குறது நான்.

நீ எங்க இறங்கணும்? தாராபுரமா? வீட்டுக்காரரு வந்து நிப்பாரா? சரி. நான் திருப்பூர் வரைக்கும். என் தம்பி வீட்டுக்கு.

பிள்ளை அழுகை நாலு வகை தாயி. யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாக, கேட்டுக்கோ. பசிக்கு அழுதா விட்டு விட்டு அழும், நடுவுல வாய் சப்புக்கொட்டும். வயிறு பொருமினா காலை மடக்கி வயித்தோட ஒட்டிக்கிட்டு வீல்னு ஒரே இழுப்பா இழுக்கும். தூக்கத்துக்குன்னா இந்தா, இது மாதிரி. நாலாவது சும்மா அழுகை, என்னையத் தூக்குன்னு. அதுக்குக் கண்ணுல தண்ணியே வராது, ஓரக்கண்ணால நம்மளப் பாத்துக்கிட்டே அழும், கள்ளப்பய. அம்புட்டுத்தான். உலகத்துல எந்தப் பிள்ளையும் இந்த நாலத் தாண்டி அழுதது கிடையாது.

எனக்குப் பிள்ளை இல்ல. நீ கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லிர்றேன், எல்லாரும் கேப்பாக. கட்டுனவரு நாலு வருசம் பாத்தாரு, அப்புறம் வேற பக்கம் போயிட்டாரு. இப்ப சங்கரன்கோவில் பக்கம் எங்கயோ நல்லாருக்காராம். இருக்கட்டும். எங்க அம்மா சாகும்போது தம்பிக்கு எட்டு வயசு. நான்தான் வளத்தேன். மாரீஸ்வரன்னு பேரு. என்னையப் பொறுத்தவரைக்கும் அவன் தம்பி இல்ல, மகன்.

பத்தொம்பது வருசத்துல எனக்குப் பிடிபடாத பிள்ளை ஒண்ணே ஒண்ணுதான். அது அந்த மாரீஸோட மகன். அவனைப் பாக்கத்தான் இப்பப் போறேன். நேர்ல பாத்து ஒம்பது மாசமாச்சு.

ஏன்னு கேக்க மாட்டியா? கேக்கலைன்னாலும் சொல்லுவேன். மாரீஸ் பஞ்சு மில்லுல வேலை பாத்தான். நீ மில்லுக்குள்ள போயிருக்கியா? மிசின் போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் கத்துனாக்கூடக் கேக்காது. அதனால அங்க எல்லாருக்கும் கைப்பேச்சுதான். நூல் அந்துபோச்சுன்னா ரெண்டு விரலைப் பிரிச்சுக் காட்டணும். சூப்பர்வைசர் வாராருன்னா தோள்பட்டையத் தட்டணும். அங்கதான் இந்தப் பிள்ளை வேலைக்கு வந்து சேந்துச்சு. கோவில்பட்டிக்காரி, செண்பகவல்லி. பிறந்ததுலருந்து காது கேக்காது, வாயும் பேச வராது. மில்லுல சேந்து ஒரு வாரத்துக்கு அது யாருக்குமே தெரியலையாம். தெரிஞ்சதெல்லாம், அம்புட்டுப் பேருலயும் இவ கைதான் வெரசாப் பேசுதுன்னு. அதுல மயங்கியிருக்கான் என் தம்பி. “அக்கா, அவ ரொம்ப நல்லாப் பேசுவாக்கா”ன்னு என்கிட்ட வந்து நின்னான். சிரிக்கிறதா அழுகுறதான்னு எனக்குத் தெரியல.

நான் தடுக்கல. முன்ன நின்னு கல்யாணத்த நடத்தி வச்சதே நான்தான். போயும் போயும் ஊமைச்சியக் கட்டுறானேன்னு தெருவுல பேசுனவளை எல்லாம் சண்டைக்கு இழுத்தேன். அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு.

பிள்ளை பிறந்துச்சு. பதினாறாம் நாள் தொட்டில்ல போட்டோம். எங்க பக்கம் அத்தைக்காரிதான் பேரு சொல்லணும், பிள்ளை காதுல மூணு தடவை. லோகித்துன்னு சொன்னேன். மாரீஸ் போன்ல பாத்து வச்ச பேரு, என்னடா அர்த்தம்னா அவனுக்கே தெரியல. எனக்கு எங்க அய்யா பேரு மாடசாமின்னு வைக்க ஆசை. சரி, லோகித்தோ கீகித்தோ, சொல்றது நான்தானேன்னு சொன்னேன். சொல்லும்போது பிள்ளை காது மடல் என் உதட்டுல பட்டுச்சு. அன்னைக்கு நான் அழுதுட்டேன் தாயி, ஒளிச்சு என்ன. கையில வசம்புக் காப்பு கட்டிவிட்டேன். அதுவும் அத்தை முறைதான். இடது கையில. இதை ஞாபகம் வச்சுக்கோ, பின்னால வரும்.

நான் பேரு சொல்லி முடிக்கிற வரைக்கும் செண்பகம் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. முடிச்ச உடனே பிள்ளைய வாங்குனா. ஒத்தை விரலைத் தன் கன்னத்துல வச்சு ஒரு அமுக்கு அமுக்கி, அவன்கிட்டக் காட்டுனா. பால் குடிக்கும்போது அவன் கன்னத்துல குழி விழும். அந்தக் குழிதான் பேராம். காது கேக்காத அவ ஆளுகளுக்குள்ள எல்லாருக்கும் இப்படிக் கையால ஒரு பேரு உண்டுன்னு மாரீஸ் சொன்னான். ஆளைப் பாத்து, ஆளுகிட்ட என்ன இருக்கோ அதை வச்சுப் பேரு வைப்பாகளாம். மாரீஸுக்கு மீசையத் தடவுனா பேரு. அப்ப நான் சொன்ன பேரு என்னத்துக்குடான்னு கேட்டேன். “அதுவும் இருக்கட்டும்க்கா”ங்கிறான்.

எனக்கு மட்டும் பேரு இல்ல. அப்ப இல்ல.

அப்புறம் அந்த நாடா. பாவாடை நாடா தாயி, பச்சைக் கலரு, என்னோடதுதான், கொடியில கிடந்துச்சு. வீட்டுல சேலைத் தொட்டில். பிள்ளை அழுதா அவளுக்குக் கேக்காதுல்ல. அதனால நாடாவோட ஒரு முனையைத் தொட்டில் அடியில கட்டிருவா, இன்னொரு முனையைத் தன் மணிக்கட்டுல. கீழ பாயில படுத்துக்கிருவா. பிள்ளை காலை உதைச்சா நாடா சுண்டும், முழிச்சுக்கிருவா. சில சமயம் முழிக்கக்கூட மாட்டா, கண்ண மூடிக்கிட்டே பதிலுக்கு ஒரு இழுப்பு. அவன் ஒரு உதை. இவ ஒரு இழுப்பு. மறுபடி அவன் ஒரு உதை. நான் கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். என்னத்தத்தான் பேசிக்கிடுதுகளோன்னு இருக்கும்.

அதுல என்னாச்சுன்னா, பிள்ளை அழுகுறதையே விட்டுட்டான். மெய்யாத்தான். அவ அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பாளா, புருவம் சுருங்கும்போதே தூக்கிருவா. உதடு பிதுங்கும்போதே மாரைக் குடுத்துருவா. அப்புறம் அவன் எதுக்கு அழுகப்போறான்? எனக்குப் பயம் வந்துருச்சு. வாயத் திறக்காத பிள்ளை நாளைக்குப் பேசுமா? காது நல்லாக் கேக்குதுன்னு ஆஸ்பத்திரியில மிசின் வச்சுப் பாத்துச் சொல்லிட்டாக. கேட்டு என்ன பிரயோசனம்? வீட்டுல யாரு பேசுறா அவன்கிட்ட? மாரீஸும் உள்ள வந்துட்டா கைதான். நான் ஒருத்திதான்.

நான் பேசுவேன். பால்வாடி விட்டு மூணரைக்கு வருவேன், கை கால் கழுவிட்டு, தூக்கி மடியில வச்சுக்கிட்டு, ராசா, தங்கம், இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமான்னு பேசுவேன். எல்லாப் பிள்ளையும் நம்ம பேசுறப்ப மூஞ்சியத்தான் பாக்கும். இவன் என் கையைப் பாப்பான். என் வாயி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், இவன் குனிஞ்சு கையைப் பாப்பான். எதாவது சொல்லப் போகுதான்னு காத்துக்கிட்டிருப்பான். என் கை மடியில சும்மா கிடக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு, அவ பக்கம் திரும்பிருவான். அதை எப்படிச் சொல்றது உனக்கு. கடைக்குப் போயி நிக்கோம், கடைக்காரன் நம்மளத் தாண்டிப் பின்னால நிக்கிறவனைப் பாக்குறான்னு வையி. அப்படி இருக்கும்.

செண்பகம் ஒரு தடவை எனக்குச் சொல்லிக்குடுக்கப் பாத்தா. பக்கத்துல வந்து உக்காந்து, என் விரலை ஒண்ணொண்ணா மடக்கி, பாலுக்கு இப்படி, அத்தைக்கு இப்படின்னு. கையை வெடுக்குனு பிடுங்கிக்கிட்டேன். எனக்கு வாய் இருக்குல்ல தாயி? ஆண்டவன் குடுத்த வாயி நல்லா இருக்கும்போது நான் எதுக்குக் கையை ஆட்டணும்? அவ அப்புறம் வற்புறுத்தல.

சாயங்காலம் மாரீஸ் வந்துட்டா மூணு பேரும் ஒண்ணா உக்காந்துக்கிருவாக. கையால என்னமோ சொல்றது, சிரிக்கிறது. பிள்ளையும் கையை ஆட்டிக்கிட்டுச் சிரிக்கும். வீட்டுல ஒரு சத்தம் இருக்காது, ஆனா அம்புட்டுப் பேச்சு நடக்கும். நான் டிவியச் சத்தமா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். “என்னடா சிரிப்பு?”ன்னு கேப்பேன். “ஒண்ணுமில்லக்கா”ம்பான். நான் வளத்தவன் தாயி, எட்டு வயசுலருந்து என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன். ஒண்ணுமில்லக்கா.

பிள்ளை என் பக்கத்துல படுக்கட்டும்னு சொன்னேன். எனக்குக் காது கேக்கும், லேசா அசைஞ்சாலே முழிச்சுக்கிருவேன். நியாயமா இல்லையா, நீயே சொல்லு. “அவளுக்குத் தெரியுதுக்கா”ன்னான். எப்படிடா தெரியும், நாடா அந்துட்டா? முடிச்சு நெகுந்துட்டா? “அப்படியெல்லாம் ஆகாதுக்கா.” ஆகாதாம். பத்தொம்பது வருசம் பிள்ளைகளப் பாக்குறவகிட்டச் சொல்றான்.

இந்தா, தூங்கிட்டா பாத்தியா. நான்தான் சொன்னேன்ல தூக்கத்துக்குன்னு. தலைய இந்தப் பக்கமா சாய்ச்சுக்கோ, வெயில் அடிக்குது.

புரட்டாசி மாசம், வெள்ளிக்கிழமை. மூணரைக்கு வந்தேன். வீடு கம்முன்னு கிடக்கு. அவ பாயில ஒருக்களிச்சுத் தூங்குறா, பிள்ளையும் தூக்கம். மாரீஸுக்குப் பகல் ஷிப்டு, நாலு மணிக்கு மேல வந்துருவான். எனக்கு என்னமோ தோணுச்சு. அவன் கண்ணால ஒரு தடவை பாக்கட்டுமே, நாடா இல்லைன்னா என்ன நடக்கும்னு. பாத்தாத்தான அக்கா சொன்னது புரியும். நல்லதுக்குத்தான் நினைச்சேன். குனிஞ்சு, அவ மணிக்கட்டுல இருந்த முடிச்சை மெதுவா அவுத்தேன். அவ அசையல. நாடா முனையக் கையில வச்சுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்தேன்.

பிள்ளை முழிச்சான். ஒரு உதை உதைச்சான். தொட்டில் ஆடுச்சு. கொஞ்சம் நிறுத்துனான், பதில் வருதான்னு பாக்குற மாதிரி. மறுபடி உதைச்சான். மறுபடி நிறுத்துனான். மூணாவது தடவை ஓங்கி ஒரு உதை. அதுக்கப்புறந்தான் அழ ஆரம்பிச்சான்.

எனக்கு முதல்ல சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லல. மாசக்கணக்கா எங்க வீட்டுல கேக்காத சத்தம். வாய் இருக்குடா ராசா உனக்குன்னு நினைச்சேன். தூக்கத்தான் கை போச்சு. சரி, மாரீஸ் வந்துரட்டும், ரெண்டு நிமிசம்னு இருந்துட்டேன். ரெண்டே நிமிசம். பிள்ளை ரெண்டு நிமிசம் அழுதா என்ன குடியா முழுகிப்போகும்? பால்வாடியில அழாததா?

ஆனா அந்த அழுகை நாலு வகையிலயும் சேரல தாயி. பசி இல்ல. வயிறு இல்ல. தூக்கம் இல்ல. சும்மாவும் இல்ல. எதுன்னு எனக்குத் தெரியல.

அவ எப்படி முழிச்சாங்கிற? நாடா இல்லாததுதான் எழுப்பியிருக்கு. தூக்கத்துலயே வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்திருக்கா, கை சும்மா வந்துருச்சு. தூக்கிவாரிப்போட்டு எந்திரிச்சா. மணிக்கட்டப் பாத்தா. தொட்டிலப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. நாடா என் கையில இருக்கு. பிள்ளை செவந்துபோயி மூச்சு வாங்கி அழுகுறான். நான் ஒரு எட்டு தூரத்துல உக்காந்திருக்கேன். என்னமோ நான் கொலை பண்ணுன மாதிரி ஒரு பார்வை. பிள்ளைய வாரி எடுத்தா. அவன் அவ தோள்ல கிடந்து விக்கிக்கிட்டே என்னையப் பாத்தான். என் கையைப் பாக்கல அன்னைக்கு. மூஞ்சியத்தான் பாத்தான்.

அந்த நேரம் பாத்து மாரீஸ் உள்ள வந்தான். நான் அடுப்படிக்குப் போயி டீச்சட்டிய வச்சேன். பின்னால அவ அவன்கிட்டக் கையால என்னமோ சொல்றா. வளையல் சத்தம் மட்டும் கேக்குது, திரும்பத் திரும்ப அதே சத்தம். நான் திரும்பிப் பாக்கல. பாத்தா மட்டும் எனக்கு என்ன புரியப்போகுது. டீயைக் கொண்டாந்து வச்சேன். யாரும் எடுக்கல. “என்னடா சொல்றா?”ன்னேன். “ஒண்ணுமில்லக்கா”ன்னான். மூஞ்சியே பாக்காம சொன்னான்.

பத்து நாள்ல கிளம்பிட்டாக. திருப்பூர்ல பனியன் கம்பெனியில ரெண்டு பேருக்கும் வேலையாம், தெரிஞ்சவுக வரச் சொல்றாகளாம். அதுக்குத்தான் போறாகன்னு நானும் எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்குத்தான் போனாக. நாடாவுக்காக யாராவது ஊரை விட்டுப் போவாகளா? தொட்டில் சேலைய அவுத்து மடிச்சு எடுத்துக்கிட்டா. நாடாவை மட்டும் ஆணியில மாட்டிட்டுப் போயிட்டா. என்னோடதாச்சே.

ஒத்தையில இருக்குறது எனக்குப் புதுசில்ல தாயி. ஆனா முன்ன ஒத்தையில இருந்தப்ப வீடு எப்பவும் அப்படித்தான்னு இருந்துச்சு. இப்ப விட்டத்துல தொட்டில் கட்டுன அந்தக் கொக்கி இருக்கு. பால்வாடியில பகல் பூராம் முப்பது பிள்ளைகளோட கத்திட்டு, சாவியப் போட்டு வீட்டைத் திறந்தா என் செருப்புச் சத்தம் எனக்கே பெருசாக் கேக்கும். டிவிகாரன் பேசுறான், நான் பதில் சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டா, நீ யார்கிட்டக்கா பேசிக்கிட்டிருக்கன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சொன்னா சிரிக்கக் கூடாது, அந்த நாடாவை எடுத்து ஒரு முனையக் கொக்கியில கட்டி, இன்னொரு முனைய என் மணிக்கட்டுல கட்டிக்கிட்டுப் பாயில படுத்துப் பாத்தேன். சும்மாதான். எப்படி இருக்கும்னு பாக்க. எம்புட்டு நேரம் படுத்திருந்தேன்னு தெரியல. ஒரு இழுப்பு இல்ல.

சரி, அதை விடு. நல்ல சேதி சொல்றேன். ஞாயித்துக்கிழமை தவறாம மாரீஸ் போன் போடுவான், மூஞ்சி தெரியிற போன். நல்லாருக்கியாக்கா, சாப்பிட்டியாக்கா, அஞ்சு நிமிசம். பிள்ளையக் காட்டுவான். அவன் பேசவும் ஆரம்பிச்சுட்டான், தண்ணி, காக்கா, அப்பாங்கிறான். நான் பயந்ததுதான் மிச்சம். வாயும் பேசுறான், கையும் பேசுறான். ஆனா ரொம்ப நாளா என்னையக் கண்டா ஒண்ணும் செய்ய மாட்டான். மலங்க மலங்கப் பாப்பான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள், என் மூஞ்சி தெரிஞ்ச உடனே சிரிச்சான். குழி விழுந்துச்சு. சிரிச்சுட்டுக் கையால ஒண்ணு செஞ்சான். அடுத்த வாரமும் அதையே செஞ்சான். என்னடா செய்யிறான், என்ன கேக்குறான்னேன். மாரீஸ் போனை வேற பக்கம் திருப்பப் பாத்தான். நான் விடல. அப்புறம் சொன்னான், “அது உன் பேருக்கா.”

எனக்குப் பேரு! பாத்துக்கோ. அந்த வீட்டுல எனக்கு ஒரு பேரு வச்சிருக்காக, அதைப் பிள்ளைக்குப் பழக்கியிருக்காக. இம்புட்டு மாசமா என் பேச்சே எடுக்க மாட்டாகன்னு நினைச்சு நான் இங்க கிடந்து வேகுறேன், அங்க என் பேரைச் சொல்லிக்கிட்டிருந்திருக்காக. என்னடா அர்த்தம்னேன். “ஒண்ணுமில்லக்கா, சும்மா பேரு”ன்னான். எனக்கா தெரியாது? அது மணிக்கட்டுலதான செய்யிறது. இடது மணிக்கட்டுல. நான் வசம்புக் காப்பு கட்டிவிட்டேன்ல, அதான். ஞாபகம் வச்சுக்கோன்னு சொன்னேன்ல உன்கிட்ட. அதை வச்சுத்தான் பேரு வச்சிருக்கா செண்பகம். டீச்சர்கிட்டச் செஞ்சு காட்டுனேன், பால்வாடிப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுனேன். இப்ப நான் உள்ள நுழைஞ்சாலே முப்பதும் மணிக்கட்டத் தூக்கிக்கிட்டு நிக்கும்.

போன வாரம் மாரீஸ் சொன்னான், “ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போக்கா. செண்பகந்தான் வரச் சொன்னா”ன்னு. அவளே சொல்லியிருக்கா. நான் வேண்டாம்பேனா? பிள்ளைக்கு வெள்ளிக் காப்பு எடுத்திருக்கேன். பேருக்கு ஏத்த மாதிரி இருக்கணும்ல. பையில அடியில இருக்கு, இறங்கும்போது காட்டுறேன்.

அந்தப் பேரு எப்படின்னா, நல்லாப் பாரு. இடது கையை நீட்டணும். வலது கை ரெண்டு விரலால மணிக்கட்டு மேல கிள்ளுற மாதிரிப் பிடிக்கணும். பிடிச்சு, இப்படி ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான். அவன் பிஞ்சு விரலால செய்யிறப்பப் பாக்கணும் நீ.

என்ன தாயி அப்படிப் பாக்குற? காப்புதான? மறுபடி செய்யிறேன், பாரு. கிள்ளிப் பிடிச்சு, இழுத்து.

காப்புன்னா உள்ள தள்ளணும். ஆமா. இது வெளிய இழுக்குது. கட்டுறதுன்னாலும் சுத்திக் கட்டுற மாதிரில்ல வரும்.

கிள்ளிப் பிடிச்சு, இழுத்து.

முடிச்சை அவுத்தா கை இப்படித்தான வரும், தாயி?

வளையல் சத்தம் கேட்டுச்சுன்னேன்ல, திரும்பத் திரும்ப. இதைத்தான் செஞ்சு காட்டியிருக்கா அவன்கிட்ட. ஆளுகிட்ட என்ன இருக்கோ அதை வச்சுத்தான் பேரு. அவ என்னத்தக் கண்டா என்கிட்ட, இதைத் தவிர. விரலைப் பிடிச்சுச் சொல்லிக்குடுக்க வந்தவ கையை உதறுனேன். அத்தைக்கு வேற பேரு இருந்துச்சு அப்ப. அது என்னன்னு நான் பாக்கக்கூட இல்ல.

நான் முப்பது பிள்ளைகளுக்கு இதைப் பழக்கி வச்சிருக்கேன்.

ரெண்டு நிமிசம்னு சொன்னேன்ல உன்கிட்ட. ரெண்டு இல்ல. செவுத்துல கடிகாரம் இருக்கு எங்க வீட்டுல, கட்டில்ல உக்காந்தா நேரா தெரியும். பதினோரு நிமிசம். அவளுக்குத்தான் கேக்காது. எனக்குக் கேட்டுச்சு தாயி. நல்லாக் கேட்டுச்சு. தூக்கலாம்னு ஒவ்வொரு நிமிசமும் நினைச்சேன். மாரீஸ் வரட்டும், மாரீஸ் வரட்டும்னு உக்காந்திருந்தேன். அது எந்த அழுகைன்னு தெரியலைன்னு சொன்னதும் பொய்தான். எங்க போயிட்ட, ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறன்னு கேட்ட அழுகை அது. எனக்குத் தெரியாதா? நான் வீட்டுல தினமும் அதைத்தான கேட்டுக்கிட்டிருக்கேன்.

கண்டக்டர் தாராபுரம் தாராபுரம்ங்கிறாரு. வந்துருச்சா அதுக்குள்ள? நானும் உன்கூட இறங்கி, அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வாசல்ல போயி நிக்க. இம்புட்டுத் தெரிஞ்சும் அவ எதுக்கு வரச் சொன்னா?

இந்தா, இந்தா, உம்பிள்ளை காலை உதைக்குது பாரு. உதடு பிதுங்குது. அழுகுறதுக்கு முன்னாலயே தூக்கிரு தாயி. நான் முன்ன சொன்னதை விடு, அழவெல்லாம் விடாத. தூக்கு, தூக்கு. ஆங். பாத்தியா, அடங்கிட்டா.

பையை நான் எடுத்துத் தாரேன், நீ பிள்ளையப் பிடி. படி ஒசரம், பாத்து இறங்கு. நான் இறங்கல. அந்தப் பேரைச் சொல்லும்போது அவன் சிரிச்சான்ல. அவனுக்கு முடிச்சும் தெரியாது, நாடாவும் தெரியாது. அவனுக்கு அது அத்தை, அவ்வளவுதான். பிள்ளை கூப்பிட்டா போகணும். கதவைத் திறக்குறது செண்பகமாத்தான் இருக்கும். பையைக் கீழ வச்சுட்டு, வாயைத் திறக்காம, இடது கையை நீட்டி, என் பேரை நானே அவகிட்டச் சொல்லிருவேன். அவகூட நான் பேசப்போற முதப் பேச்சு அதுதான்.